புகையை விட்ட பிறகும் மூச்சு ஏன் இளைக்கிறது?

வாசகர் கேள்விகள், நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்கள்

மருத்துவமனைச் சீட்டுகளில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும், மூச்சுக்குழாயின் உள்ளே ஏற்பட்டுவிட்ட மாற்றங்களில் எது திரும்பும், எது திரும்பாது என்பதையே பெரும்பாலானோர் அறிய விரும்புகிறார்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு 62 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி பிடித்தேன். மருத்துவர் கண்டித்துச் சொன்னதால் முற்றிலும் விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் வரும் சளி குறைந்துவிட்டது. ஆனால் மாடி ஏறினால் இளைப்பு வாங்குகிறது. மூச்சுக்குழாயில் இன்னும் அழற்சி இருக்கிறது என்கிறார் மருத்துவர். புகையே போகாத இடத்தில் அழற்சி எப்படி இருக்கும்? அப்படியானால் விட்டதால் என்ன பயன்?
*– ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், நாமக்கல்*

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். விட்டதால் பெரும் பயன் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும், இந்நோயின் தொடக்க நிலையில் இருந்த சுமார் 5,900 புகைப்பழக்கத்தினரைச் சேர்த்துப் பதினோர் ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. மூச்சை நிறைய இழுத்து முழு வேகத்தில் ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவை அதில் கணக்கிட்டார்கள். புகைப்பதைத் தொடர்ந்த ஆண்கள் அந்த அளவில் ஆண்டுக்குச் சராசரியாக 66 மில்லிலிட்டரை இழந்தார்கள். விட்டவர்கள் இழந்தது 30 மில்லிலிட்டர். வயது ஏற ஏற, புகைக்காதவருக்கும் ஏற்படுகிற இழப்புக்கு இது நெருக்கமான அளவு. போனது உங்களுக்குத் திரும்பி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் இருப்பது கரையும் வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள். எந்த மாத்திரையும் இந்த அளவுக்கு அதைக் குறைத்ததாக நான் அறியேன்.

இனி அழற்சியைப் பார்ப்போம். புகை உள்ளே செல்லும்போது மூச்சுக்குழாயின் உட்படலச் செல்களும், தூசியையும் கிருமியையும் விழுங்குவதற்காக அங்கேயே காவலிருக்கும் மேக்ரோபேஜ் எனும் அணுக்களும் வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு, இரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. இவற்றைத் தொடர்ந்து, லிம்போசைட் எனும் இன்னொரு வகை வெள்ளணுக்களில் சி.டி.8 பிரிவைச் சேர்ந்தவை குழாயின் சுவருக்குள் குடியேறுகின்றன. சாதாரணக் காய்ச்சல் சளியிலும் இப்படித்தான் அணுக்கள் திரள்கின்றன. ஆனால் வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. இந்நோயில் கலைவதற்கான வழிமுறையே கெட்டுப்போய்விடுகிறது. புகையால் நலிந்த மேக்ரோபேஜ்கள் இறந்த செல்களையும் பாக்டீரியாவையும் சரிவர விழுங்கி அகற்றுவதில்லை. அகற்றப்படாத செல்கள் சிதைந்து, தம்முள் இருந்த நொதிகளைக் கொட்டிவிடுகின்றன. சளி தேங்கிய குழாய்களில் ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியா நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. நுரையீரலின் மீள்நார்கள் அறுபட்டுச் சிதறும் துணுக்குகளே மேலும் அணுக்களை அழைக்கும் சமிக்ஞைகளாகின்றன. நோய் முற்றியவர்களின் சிறு மூச்சுக்குழாய்ச் சுவரில், நிணநீர்க் கணுவில் இருப்பதைப் போன்ற லிம்போசைட் திரள்களும் உருவாகியிருக்கும். புகை நின்ற பிறகும் இத்தனையும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருப்பதால்தான், விட்டவர்களின் சளியிலும் சுவரிலும் ஆண்டுகள் கழிந்தும் அழற்சி அணுக்கள் காணப்படுகின்றன.

உங்களுக்குச் சளி குறைந்ததும் இளைப்பு நீங்காததும் முரண்பாடு அல்ல. அவை வெவ்வேறு இடங்களில் நடக்கும் வெவ்வேறு மாற்றங்கள். சளி பெரும்பாலும் பெரிய குழாய்களின் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவர்களுக்கு அந்தச் சுரப்பிகள் பருத்து, சுவரின் தடிமனில் பாதிக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்வதை இலண்டனில் பணியாற்றிய லின் ரீட் 1960-ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார். சுரப்பிகளைப் புகை தூண்டுவது நின்றதும் சுரப்பு தணிகிறது. சளியை மேல்நோக்கித் தள்ளும் குறு இழைகளும் ஓரளவு மீண்டு வேலை செய்யத் தொடங்குகின்றன. பலருக்குச் சில மாதங்களிலேயே இருமல் குறைவது இதனால்தான். இளைப்பின் இடம் வேறு. அது 2 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள சிறு குழாய்களிலும், அவற்றின் முடிவில் உள்ள காற்று நுண்ணறைகளிலும் இருக்கிறது. அங்கே நார்த்திசு படிந்து தடித்த சுவரும் சிதைந்த நுண்ணறைகளும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கேள்வி: எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஊதிப் பார்க்கும் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துகிறார். எக்ஸ்-ரேயில் தெரியாத நோய் ஊதுவதில் எப்படித் தெரியும்?
*– பள்ளி ஆசிரியர், விருத்தாசலம்*

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில் நம் ஊரில் இந்நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு எக்ஸ்-ரே மீது நாம் வைத்திருக்கும் அளவுகடந்த நம்பிக்கையே ஒரு முக்கியக் காரணம்.

தொண்டைக்குக் கீழே உள்ள பெருங்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை ஒவ்வொன்றும் மீண்டும் பிரிந்து, ஏறத்தாழ 23 தலைமுறைகள் இப்படிப் பிரிந்துகொண்டே போகிறது. தனித்தனியே பார்த்தால் கடைசிக் குழாய்கள் மிகச் சிறியவை. ஆனால் எண்ணிக்கையில் அவ்வளவு அதிகம் என்பதால், அவற்றின் மொத்தப் பரப்பு பெருங்குழாயைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே ஆரோக்கியமான நுரையீரலில் காற்று சந்திக்கும் தடையில் சிறு குழாய்களின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று வரைதான். அவற்றில் கணிசமான பகுதி அடைபட்டாலும் மூச்சில் பெரிய வேறுபாடு தெரியாது. மூச்சியல் வல்லுநர்கள் இப்பகுதியை 'அமைதி மண்டலம்' என்று அழைத்தது இதனால்தான்.

1968-இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாக், பீட்டர் மேக்லெம், வில்லியம் தர்ல்பெக் ஆகியோர், இறந்தவர்களின் நுரையீரல்களுக்குள் நுண்குழல் செலுத்தி, பெரிய குழாய்களின் தடையையும் சிறு குழாய்களின் தடையையும் தனித்தனியே அளந்தார்கள். நோயுற்ற நுரையீரல்களில் சிறு குழாய்களின் தடை இயல்பைவிட 4 முதல் 40 மடங்கு வரை கூடியிருந்தது. அதுவரை பெரிய குழாய்களிலேயே கவனம் செலுத்திவந்த மருத்துவ உலகின் பார்வையை இந்த அளவீடு மாற்றியது. பிற்காலத்தில் நுண் சி.டி. கருவி வந்தபோது படம் இன்னும் தெளிவாயிற்று. முற்றிய நோயாளிகளின் சில நுரையீரல்களில், கடைநிலை மூச்சுச் சிறுகுழாய்களின் எண்ணிக்கை இயல்பில் பத்தில் ஒன்றாகக் குறைந்திருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. இலேசான நிலை என்று வகைப்படுத்தப்பட்டவர்களிடமே அவற்றில் சுமார் 40 விழுக்காடு அழிந்துபோயிருந்ததை 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. 'உங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது' என்று நாங்கள் சொல்லும் நாளில், உள்ளே பாதிக்குச் சற்றுக் குறைவான குழாய்கள் போய்விட்டன என்பதே அதன் பொருள். இந்த உண்மை என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்தச் சிறு குழாய் ஒன்றைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் காண்பது இது: நடுவில் காற்று செல்ல வேண்டிய வட்டத்தில், வெள்ளணுக்கள் கலந்த கெட்டியான சளி பாதியை அடைத்திருக்கிறது; ஆரோக்கியமான சிறு குழாயில் மிக அரிதாகவே காணப்படும் சளிச் செல்கள் உட்படலத்தில் அடுக்கடுக்காக நிற்கின்றன; சில இடங்களில் குறு இழையுள்ள செல்கள் மறைந்து, தோலைப் போன்ற தட்டைச் செல்கள் வந்திருக்கின்றன; அதற்கு வெளியே தசை தடித்திருக்கிறது; அதையும் சுற்றி கொலாஜன் நார்த்திசு வளையம் இறுகியிருக்கிறது. சிறு குழாய்களில் ஆரம் பாதியாகச் சுருங்கினால் காற்றுக்கான தடை 16 மடங்காகும் என்பதை நினைவிற்கொண்டால், இந்த மாற்றங்களின் கடுமை புரியும்.

மில்லிமீட்டர் அளவிலான இந்தச் சுவர் மாற்றங்களை மார்பு எக்ஸ்-ரேயால் காட்ட முடியாது. நுரையீரல் மிகையாக உப்பிய பிறகுதான் அதில் அறிகுறி தெரியும். காசநோயும் புற்றுநோயும் இல்லை என்று உறுதிசெய்ய எக்ஸ்-ரே தேவை. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. அடைப்பை அளப்பது ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனைதான். குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகு ஊதச் சொல்கிறோம். முதல் நொடியில் வெளியேறிய காற்று, மொத்தமாக வெளியேறியதில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் நிலையான அடைப்பு உண்டு என்று கொள்கிறோம். நல்ல நுரையீரல் உள்ளவர் சில நொடிகளில் ஊதி முடித்துவிடுவார். இந்நோயாளி பத்து நொடி கடந்தும் முகம் சிவக்க ஊதிக்கொண்டே இருப்பார், திரையில் கோடு சமதளத்தை எட்டாமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. பீடி, சிகரெட்டு எதையும் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் ஆண்களும் புகைப்பதில்லை. அவருக்கு சி.ஓ.பி.டி. என்கிறார்கள். தவறான நோயறிதலாக இருக்குமா?
*– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்*

பதில்: ஊதும் சோதனை செய்த பிறகு சொன்னார்கள் என்றால், அது சரியாகவே இருக்கக்கூடும். உங்கள் தாயார் எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. புகைபோக்கி இல்லாத அடுப்படியில் விறகும், வறட்டியும், சோளத்தட்டையும் எரியும்போது எழும் நுண்துகள்கள் சிகரெட்டுப் புகையின் துகள்களைப் போலவே சிறு குழாய்கள் வரை செல்கின்றன. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத பெண்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. புகைபிடிக்காதவர் என்ற ஒரே காரணத்தால் ஆஸ்துமா என்று முத்திரை குத்தி அனுப்பப்படும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

திசுவில் ஒரு வேறுபாடு உண்டு. விறகுப் புகையால் நோயுற்ற மெக்சிகோ பெண்களின் நுரையீரல்களை ஆராய்ந்தவர்கள், புகையிலையால் நோயுற்றவர்களோடு ஒப்பிட்டபோது, சிறு குழாய்ச் சுவரில் நார்த்திசுவும் கரும்படிவும் கூடுதலாகவும் நுண்ணறைச் சிதைவு குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். உங்கள் தாயாருக்கு நுரையீரல் சிதைவைவிடக் குழாய் இறுக்கமும் இருமலும் மிகுதியாக இருந்தால் அதில் வியப்பில்லை. எரிவாயு இணைப்பு இருந்தாலும், வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் வெளியடுப்பை மூட்டும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. அந்த வேலையை வேறொருவர் ஏற்பது போதாது. புகையே இல்லாத ஏற்பாடு வேண்டும். இளவயதில் நுரையீரல் காசநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; குணமான காசநோயும் குழாய்களில் நிலையான அடைப்பை விட்டுச்செல்லக்கூடும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்து மிக நன்றாக இருக்கிறார். அதே இன்ஹேலர் எனக்குப் பலன் தரவில்லை. இரண்டும் அழற்சிதானே?
*– வாசகர், காரைக்குடி*

பதில்: இரண்டும் அழற்சிதான், ஆனால் அழற்சியை நடத்தும் அணுக்கள் வேறு. ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஒவ்வாமையில் பங்கேற்கும் இயோசினோபில் வெள்ளணுக்களும் மாஸ்ட் செல்களும், சி.டி.4 லிம்போசைட்டுகளும் முன்னிற்கின்றன. ஸ்டீராய்டு அவற்றை எளிதில் அடக்குகிறது. உங்கள் நோயில் முன்னிற்பவை நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் சி.டி.8 லிம்போசைட்டுகளும். ஸ்டீராய்டு ஒரு செல்லுக்குள் சென்று அழற்சி மரபணுக்களை அணைப்பதற்கு ஹெச்டாக்-2 என்ற நொதியின் துணை தேவை. புகையால் ஏற்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்லைச் சிதைக்கும் வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகளின் பெருக்கம், அந்த நொதியையே குறைத்துவிடுகிறது என்பதை இலண்டனில் பீட்டர் பார்ன்ஸ் குழுவினர் காட்டியுள்ளனர். மருந்து உள்ளே போகிறது; அணைக்கும் விசைதான் வேலை செய்வதில்லை.

இருந்தாலும் எல்லா சி.ஓ.பி.டி. நோயாளிக்கும் ஸ்டீராய்டு பயனற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிலருக்கு இந்நோயிலும் இயோசினோபில்கள் மிகுந்திருக்கும். இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் தீவிரமடைபவராகவும் இருந்தால், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் அந்தத் தீவிரத் தாக்குதல்களைக் குறைக்கிறது. 100-க்குக் கீழே இருந்தால் பயன் மிகக் குறைவு. நிமோனியா வரும் வாய்ப்பு மட்டும் கூடுகிறது. சாதாரண இரத்த அணுப் பரிசோதனையிலேயே இந்த எண் கிடைத்துவிடும். உங்களுக்கு அடிப்படை மருந்து, குழாய்த் தசையைத் தளர்த்தி நீண்ட நேரம் விரித்து வைக்கும் இன்ஹேலர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை இனி வாங்கிப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஒரே அளவு புகைக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் நுரையீரல் சிதைவது ஏன்?
*– மருந்தியல் மாணவி, மதுரை*

பதில்: இதற்கான முதல் தடயம் சுவீடனின் மால்மோ நகரில் கிடைத்தது. 1963-இல் கார்ல்-பெர்ட்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் இருவரும் இரத்தப் புரதச் சோதனைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பேரின் பட்டையில் ஆல்ஃபா-1 என்ற கோடு இல்லாததைக் கவனித்தார்கள். அந்த ஐவரில் மூவருக்கு நுண்ணறைச் சிதைவு நோய் இருந்தது. அங்கே இல்லாதிருந்த புரதம் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். நியூட்ரோபில் வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. ஏறக்குறைய அதே காலத்தில், பப்பாளிப் பாலில் உள்ள பப்பாயின் நொதியை எலிகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தியபோது நுண்ணறைகள் சிதைந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். புரதத்தை அரிக்கும் நொதிக்கும் அதைத் தடுக்கும் புரதத்துக்கும் இடையிலான சமநிலை குலைவதே சிதைவின் அடிப்படை என்ற கருத்து இந்த இரண்டிலிருந்து பிறந்தது. பப்பாளிப் பழம் உண்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உண்பது வயிற்றில் செரித்துவிடும்.

அந்தப் பிறவிக் குறைபாடு நம் நாட்டவரிடம் அரிது. ஆயினும் புகையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும், தடுக்கும் புரதம் இருப்பவரிடமும் அதைச் செயலிழக்கச் செய்கின்றன; மேக்ரோபேஜ்கள் வெளியிடும் வேறு நொதிகளும் சேர்ந்துகொள்கின்றன. இன்னொரு பெரிய காரணம் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. எடை குறைந்து பிறந்த, சிறுவயதில் அடிக்கடி நுரையீரல் தொற்றுக்கு ஆளான, புகை சூழ்ந்த வீட்டில் வளர்ந்த குழந்தையின் நுரையீரல் தன் முழு வளர்ச்சியை எட்டுவதில்லை. 2015-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நாற்பது வயதுக்கு முன்பே குறைந்த நுரையீரல் திறன் கொண்டிருந்தவர்கள் என்பது தெரிந்தது. அவர்கள் வேகமாக இழக்கவில்லை, குறைவாகவே தொடங்கினார்கள்.

கேள்வி: நுரையீரலைச் சுத்தம் செய்து புதுப்பிக்கும் என்று விளம்பரம் வரும் டானிக்கை வாங்கலாமா?
*– வாசகர், தூத்துக்குடி*

பதில்: வேண்டாம். அழிந்த நுண்ணறையையும் மறைந்த சிறுகுழாயையும் மீண்டும் வளர்க்கும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இதுவரை இல்லை. அந்தப் பணத்தை ஆண்டுதோறும் போடும் ஃபுளூ தடுப்பூசிக்கும், நிமோகாக்கஸ் தடுப்பூசிக்கும் செலவிடுங்கள். ஒவ்வொரு தீவிரத் தொற்றின்போதும் நியூட்ரோபில்கள் பெருகி, சுவர் வீங்கி, சளி அடைக்கிறது. சிலருக்குத் தொற்று தணிந்த பிறகும் மூச்சுத் திறன் முந்தைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதைத் தடுப்பது இருக்கும் திசுவைக் காப்பாற்றுவதாகும்.

கேள்வி: இளைக்கும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதினால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இது மனப்பிரமையா, உண்மையா?
*– வாசகி, உதகமண்டலம்*

பதில்: உண்மைதான். சிறு குழாய்களுக்குக் குருத்தெலும்பு வளையம் கிடையாது. கூடாரத்தை நாற்புறமும் இழுத்து நிறுத்தும் கயிறுகளைப் போல, சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்களின் மீள்நார்கள்தாம் அவற்றை வெளிநோக்கி இழுத்துத் திறந்து வைக்கின்றன. நுண்ணறைகள் சிதையும்போது அந்த இழுவிசை போய்விடுகிறது. வேகமாக மூச்சை வெளிவிடும்போது நெஞ்சுக்குள் எழும் அழுத்தம் குழாயை நசுக்கி மூடிவிடுகிறது. காற்று உள்ளேயே சிறைப்படுகிறது. அடுத்த மூச்சுக்கு இடம் இல்லாமல் நெஞ்சு உப்பி நிற்பதையே நீங்கள் இளைப்பாக உணர்கிறீர்கள். உதட்டைக் குவிக்கும்போது வாயில் ஏற்படும் சிறு தடை, குழாய்க்குள் அழுத்தத்தைத் தக்கவைத்து அது மூடிக்கொள்வதைத் தாமதப்படுத்துகிறது; மூச்சின் வேகமும் குறைவதால் காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது.

மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். பலமாக ஊதித் தள்ள வேண்டாம். உங்கள் ஊரின் ஏற்றங்களிலும் படிகளிலும், மூச்சை இழுக்கும்போது நின்று, விடும்போது அடியெடுத்து வையுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் நடத்தும் மூச்சுப் பயிற்சி வகுப்பு இருந்தால் சேருங்கள். வாரம் இரண்டு முறையாவது, குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் தொடர வேண்டும். இன்ஹேலரை முதல் நாளே எடுத்துச் சென்று, நீங்கள் அதை இழுக்கும் முறை சரிதானா என்று அவர்கள் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டுங்கள்.